கோழி அடைகாக்கும்போது மருத்துவமனைக்குப் போக முடியுமா? தோட்டப்புறச் சமூகப் பணியில் விலங்குகள்: முழுமையான வழிகாட்டி

பாட்டிக்கு இடது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். வார்டில் சேரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் அவர் போகவில்லை. எனக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்த்துவந்த ஊழியர் கோப்பில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதி வைத்திருந்தார். நான் போன அன்று பாட்டி அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு பழைய கூடை, அதில் கிழிந்த கைலித் துணி, அதன்மேல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி.

"எத்தனை முட்டை, பாட்டி?"

"பதினொன்று. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, தம்பி."

கோழிமுட்டை பொரிக்க 21 நாள். பாட்டியின் கணக்கு சரிதான். அவர் வார்டில் படுத்துவிட்டால், பின்கட்டு வழியாக வரும் உடும்போ பாம்போ இரண்டே இரவில் கூடையைக் காலி செய்துவிடும். மருத்துவம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தேதிதான் ஒத்துவரவில்லை.

புண் ஒன்பது நாள் காத்திருக்காது. அன்று இருட்டிய பிறகு, பக்கத்து வீட்டு அக்காவும் நானும் கூடையைத் துணியால் மூடி அப்படியே தூக்கிப்போய் அக்காவின் சமையல்கட்டில் வைத்தோம். அடைக்கோழியை இருட்டில் மாற்றினால் புது இடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடி ஓடும், முட்டை ஆறிப்போகும். மறுநாள் காலை பாட்டி வாயைத் திறக்காமல் ஆம்புலன்ஸில் ஏறினார்.

நான் பணியாற்றுவது மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அடுக்குமாடிகளிலும். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாய் இன்னும் பழகவில்லை. 1917-இல் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தைப் போட்டது இங்கேதான். அந்தச் செம்பனைத் தோட்டத்துக்குத் 'தென்னமரம்' என்று பெயர் வந்த வேடிக்கையை நம் தாத்தாக்களிடம்தான் கேட்க வேண்டும். ஆடு, மாடு, கோழி, நாய் இல்லாத லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இங்கே அபூர்வம். நாம் நிரப்பும் படிவங்களிலோ அவற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சமூகப் பணியின் வரலாற்றில் விலங்குக்கு நல்ல இடம் உண்டு. 1874-இல் நியூயார்க்கில் வளர்ப்புத்தாயிடம் அடியும் பட்டினியுமாகக் கிடந்த மேரி எலன் என்ற சிறுமியைக் காப்பாற்ற எட்டா வீலர் என்ற பெண்மணி பல கதவுகளைத் தட்டினார். கடைசியில் உதவியவர், விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க். 'சிறுமியும் ஒரு விலங்குதான்' என்று அவர் நீதிமன்றத்தில் வாதாடியதாகச் சொல்வது கட்டுக்கதை. தனிமனிதராகவே அவர் வழக்கைக் கொண்டுபோனார். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. குழந்தைகள் வதைத் தடுப்புக்கென ஒரு சங்கம் அதன் பிறகுதான் பிறந்தது. விலங்குக்கு ஆள் இருந்த காலத்தில் குழந்தைக்கு ஆள் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

முதல் படி: வாசலில்

வீட்டுக்காரரை முன்கூட்டியே அழைத்து, நாய் இருக்கிறதா, கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். "கடிக்காது, உள்ளே வாருங்கள்" என்ற பதிலை நம்பி நான் ஒருமுறை உள்ளே போனேன். கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கட்டிய பிறகு போங்கள். வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். அவிழ்ந்த நாய் எதிரே வந்தால் ஓடாமல், முறைக்காமல், பக்கவாட்டாகத் திரும்பி அசையாமல் நில்லுங்கள். நட்பு பிடிக்கலாம் என்று ரொட்டித் துண்டு போடாதீர்கள். நாய்க்கு விஷம் வைத்துப் பார்த்த லயத்தில், அறிமுகமில்லாதவர் கையிலிருந்து விழும் ரொட்டியை வீட்டுக்காரர் வேறு மாதிரிதான் பார்ப்பார்.

உங்களோடு வருபவர் முஸ்லிம் சகோதரியாகவோ சகோதரராகவோ இருந்தால், நாய் இருக்கும் செய்தியை அலுவலகத்திலேயே சொல்லிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டும். வாசலில் போய் நின்று அவர் தயங்க, அதைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க, அத்தோடு அன்றைய வேலை கெட்டுவிடும்.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் மனிதர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு, "வேறு யாருக்கெல்லாம் சோறு வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பிறகு நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

பெயர் என்ன? சாப்பாடு வைப்பது யார்? இரவில் எங்கே படுக்கும்? இதற்கு முன்னால் இருந்தது என்ன ஆயிற்று?

முதல் கேள்வி சும்மா பேச்சைத் தொடங்க. இரண்டாவதில் அந்த வீட்டில் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது தெரிந்துவிடும். 'சின்னவள்தான் வைப்பாள்' என்றால், ஒன்பது வயதுக் குழந்தை வேறு என்னென்ன வேலை செய்கிறாள் என்று அடுத்துக் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு, தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் என்று பதில் வந்தால், அந்த வீட்டில் தாத்தாவோடு யார் பேசுகிறார்கள் என்பதையும் ஊகித்துக்கொள்ளலாம்.

நான்காவது கேள்விதான் கதவைத் திறக்கும். 'வயதாகிச் செத்தது' என்பது ஒரு பதில். 'லாரி அடித்தது' ஒரு பதில். 'அப்பா கோபத்தில்...' என்று தொடங்கி ஒரு பெண்குழந்தை பாதியில் நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்தால், அதுவும் பதில்தான். அந்த இடத்தில் தோண்டாதீர்கள். நாயைப் பற்றியே இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, குழந்தையைத் தனியாகச் சந்திக்க வேறு ஒரு நாள் ஏற்பாடு செய்யுங்கள்.

குடும்ப வரைபடம் போடும்போது விலங்குகளையும் வரைந்து, யாரோடு நெருக்கமோ அவரிடம் கோடு இழுங்கள். மனைவி, மகன், மருமகள் யாரிடமும் கோடு போகாமல், ஒரு கிழட்டுப் பசுவிடம் மட்டும் தடித்த கோடு போகும் தாத்தாக்களை நான் வரைந்திருக்கிறேன்.

மூன்றாம் படி: கண்ணில் படுவதை அவசரப்பட்டுத் தீர்ப்பாக்காமல்

எலும்பு தெரியும் நாயைக் கண்டதும் 'கொடுமை' என்று எழுதக் கை துடிக்கும். வீட்டுக் குழந்தைகளின் கையையும் பாருங்கள். எல்லோரும் மெலிந்திருந்தால் அது வறுமை. அரிசி மூட்டைக்கு ஏற்பாடு செய்தால் நாயும் தேறும். மனிதர்கள் நன்றாக இருந்து நாய் மட்டும் குட்டைச் சங்கிலியில் தண்ணீரின்றிக் கிடந்தால் அதற்குப் பெயர் வேறு. போன மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பூனைகள் இந்த மாதம் கத்திக்கொண்டு அலைந்தால், வைக்கிறவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. வேலை போயிருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், முதியவராக இருந்தால் மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஒரே வீட்டில் முப்பது பூனை, நாற்றம், உள்ளே யாரையும் விடாத முதியவர் என்றால், பூனைகளை அள்ளிக்கொண்டு போவதால் மட்டும் எதுவும் தீராது. சில மாதத்தில் மறுபடி சேர்ந்துவிடும். மனநலச் சிகிச்சையும் கருத்தடையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நகரத்தில் படித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. முனீஸ்வரருக்கு ஆண்டுப் பூசையில் சேவல் அறுப்பதைக் கண்டு வன்முறைக் குடும்பம் என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பூசைக் கறியை அவரும்தான் சாப்பிட்டார்.

குழந்தை விலங்கைத் துன்புறுத்தினால் வயதையும் விதத்தையும் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை வாலைப் பிடித்து இழுப்பதும், பையன்கள் கூடி உண்டிவில்லால் மைனா அடிப்பதும் கண்டித்துத் திருத்த வேண்டியவை. பன்னிரண்டு வயதுப் பையன் யாருக்கும் தெரியாமல் பூனைக்குட்டிக்குத் தீ வைத்தால், 'இவனுக்கு என்ன செய்தார்கள், இவன் எதைப் பார்த்து வளர்கிறான்' என்று கேட்க வேண்டும்.

நான்காம் படி: அடி முதலில் நாய்க்கு விழும் வீடுகள்

இந்தத் தொடர்பு வெறும் ஊகம் இல்லை. 1983-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், குழந்தை வதை காரணமாகப் பதிவான, வளர்ப்பு விலங்கு உள்ள 53 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். உடல்ரீதியான அடி இருந்த வீடுகளில் 88 விழுக்காட்டில் விலங்கும் வதைபட்டிருந்தது. 1998-இல் பிராங்க் அசியோன் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்த பெண்களிடம் கேட்டபோது, விலங்கு வளர்த்தவர்களில் 71 விழுக்காட்டினர், கணவனோ துணைவனோ அதை அடித்தான், கொன்றான் அல்லது கொல்வதாக மிரட்டினான் என்றார்கள். சிறிய ஆய்வுகள், வேறு நாடு. என்றாலும் 'நீ போனால் ஆட்டை வெட்டிப் போடுவேன்' என்ற மிரட்டலைத் தமிழில் கேட்டவர்களுக்கு அந்த எண்கள் புதுமையாகத் தோன்றாது.

எனவே அடிபடும் பெண்ணிடம் பாதுகாப்புத் திட்டம் பேசும்போது, விலங்கைப் பற்றி நீங்களே கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்; உயிருக்குப் பயந்து ஓடும் நேரத்தில் நாயைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். காப்பகங்களில் பொதுவாக விலங்குக்கு இடம் கிடையாது. ஆகவே நாயையோ ஆட்டையோ யார் வீட்டில் விடுவது, கணவனுக்குத் தெரியாத ஆளா, எத்தனை நாளைக்கு, தீனிச் செலவு யாருடையது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நாய் உரிமம், தடுப்பூசி அட்டை, மாடு வாங்கிய ரசீது ஆகியவை அவர் பெயரில் இருந்தால், அடையாள அட்டையோடு அதே பையில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் 'மாடு என்னுடையது' என்ற வழக்கு வரும்.

சட்டம் பற்றிக் கையில் இருக்க வேண்டியவை இவை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தப்படி, அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல இலாகா அதிகாரியே வழங்கலாம். மனு செய்த இரண்டு மணி நேரத்தில் வழங்க வேண்டும். 7 நாள் செல்லும். அந்தச் சட்டம் குடும்ப வன்முறைக்குத் தரும் விளக்கத்தில், வேதனை தரும் நோக்கத்தோடு சொத்தைச் சேதப்படுத்துவதும் அடங்குகிறது. அவளுடைய ஆட்டை அவன் வெட்டினால் அதையும் காவல் நிலையப் புகாரில் தேதியோடு எழுத வையுங்கள். விலங்கைத் துன்புறுத்தியதற்குத் தனியாக 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், 772-ஆம் எண் சட்டம் இருக்கிறது. 20,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாமல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் செய்யலாம். ஆனால் அந்தப் புகாரை எப்போது கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். அந்தப் பெண் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது நாய்க்காக அதிகாரி வந்து கதவைத் தட்டினால், அன்றிரவு அடி அவளுக்குத்தான். முதலில் அவளும் பிள்ளைகளும் வெளியே வரட்டும். தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசி எண் 15999, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

ஐந்தாம் படி: மாடு என்ற வங்கிக் கணக்கு

தோட்டச் சம்பளத்தில் மட்டும் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பம் குறைவு. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் எடுக்கும் இடத்துக்கு) போகும் முன் பால் கறந்து, மாலையில் செம்பனை நிரைகளுக்கு நடுவே மேய்த்து, ஒரு கிடாரியை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள் பலர். தோட்டம் கைமாறி லயங்கள் இடிபடும்போது, மனிதர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கிடைக்கலாம். மாட்டுக் கொட்டகைக்கு மாற்று இடம் பற்றிப் பேச்சே எழாது. இடமாற்றக் கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அதை எழுப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

உதவித்தொகைக்கு வருமானம் கணக்கிடும்போது கேளுங்கள்: எத்தனை உருப்படி, கறவை எத்தனை, பால் யாருக்குப் போகிறது, காசு யார் கையில் வருகிறது? கறப்பது அம்மா, காசு வாங்குவது மகன் என்றால் அங்கே வேறொரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும். 'ஐந்து மாடு இருக்கிறதே, இவருக்கு எதற்கு உதவி' என்று அவசரப்படவும் வேண்டாம். மூன்று மாடு மலடாக இருக்கும், அவற்றை அவர் விற்கவும் மாட்டார். லட்சுமி என்று பெயர் வைத்ததைக் கசாப்புக்காரரிடம் ஓட்டிப்போகச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு தாத்தாவுக்கு அப்படித்தான் நடந்தது. காலையில் லாரி வந்து ஏழு மாட்டையும் ஏற்றியது. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வழக்கம்போல் கோலை எடுத்துக்கொண்டு அடுக்குமாடியின் நான்கு மாடி இறங்கி, மோட்டார் நிறுத்துமிடத்தில் நின்றார். அந்த மாதம் முழுக்க நின்றார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது: தெரிந்தவருக்கே விற்க வேண்டும், ஒன்றிரண்டாகப் பிரிக்க வேண்டும், முடிந்தால் வாங்கியவர் கொட்டகையில் வாரம் இருமுறை அவருக்குப் போய்வர இடம் கேட்க வேண்டும்.

அடுக்குமாடிக்குப் போகும் குடும்பங்களின் நாய்களுக்கு ஆறு மாதம் முன்பே ஏற்பாடு தொடங்குங்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, நிலவீடு உள்ள உறவினரிடம் கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. நாய்கள் இடிந்த லயத்திலேயே காத்துக் கிடக்கும்.

ஆறாம் படி: விலங்கையே துணைக்கு அழைத்தல்

1961-இல் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலர், பேசாத ஒரு பையன் லெவின்சனின் நாயான ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதை எடுத்துச் சொன்னபோது, சக உளவியலர்கள் சிலர் நகைத்தார்கள். அந்த நாய் அன்று அறையில் இருந்தது தற்செயல். பையன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். இன்று இதற்கென்றே பயிற்சியும் நெறிமுறையும் வந்துவிட்டன. நோக்கமும் அளவீடும் வைத்துத் தகுதி பெற்றவர் நடத்துவது சிகிச்சை. முதியோர் இல்லத்துக்கு ஒரு முயலைக் கொண்டுபோய் மடியில் வைப்பது வெறும் சந்திப்பு. இரண்டும் நல்லவை. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக அறிக்கை எழுதக் கூடாது.

பயிற்சி பெற்ற நாய் நம் ஊருக்குக் கிடைப்பது அரிது. எனக்குக் கைகொடுத்தவை எளிய வழிகள். தமிழ்ப்பள்ளி ஒன்றில் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையனுக்கு, ஆலோசக ஆசிரியரின் அறையில் இருந்த மீன்தொட்டியின் பொறுப்பைக் கொடுத்தோம். இரண்டு வாரம் தீனி மட்டும் போட்டான். மூன்றாம் வாரம், "சார், அந்தப் பெரியது சின்னதைக் கடிக்கிறது. சின்னதைத் தனியாக எடுத்து வைக்கலாமா?" என்றான். ஆசிரியர் ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "உன் வீட்டில் யார் பெரிய மீன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு நடந்தவற்றை இங்கே எழுத முடியாது.

விதிகள் மூன்று. ஒவ்வாமை, பயம், சமயம் மூன்றையும் பெற்றோரிடம் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விலங்கு விலகினால் விட்டுவிடுங்கள். பூனை காதை மடக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். குழந்தையிடம் தனியாக விலங்கை விட்டுவிட்டு நீங்கள் தொலைபேசியில் பேசப் போகாதீர்கள்.

ஏழாம் படி: நோய்

நாயோ பூனையோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். 2015-இல் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் திரும்ப வந்ததையும், 2017-இல் சரவாக்கில் முதன்முறையாகப் பரவியதையும் மறக்கக் கூடாது. கொட்டகையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிச் சிறுநீரால் காய்ச்சல் வரும். ரப்பர் காலணி வாங்கிக் கொடுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிப் பெண் பூனைக் கழிவை அள்ள வேண்டாம். பூனையை விரட்டவும் வேண்டியதில்லை, வேறு யாராவது அள்ளட்டும்.

எட்டாம் படி: சாவு

'நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்லாதீர்கள். தனியாக வாழும் முதியவருக்கு அதுதான் தினமும் காலையில் எழுந்திருக்கக் காரணமாக இருந்திருக்கும். அடுத்த சில வாரம் அவரை அடிக்கடி போய்ப் பாருங்கள். சாப்பிடுகிறாரா, மருந்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "டைகர் கடைசியாக எப்போது சாப்பிட்டது, தாத்தா?"

புதைக்கும் இடத்தையும் யோசித்து வையுங்கள். லயத்தில் ரம்புத்தான் மரத்தடி இருந்தது. அடுக்குமாடியில் எல்லாம் சிமெண்டு. மாட்டை விற்ற அதே தாத்தாவின் நாய் ஒரு மழைநாளில் செத்தது. அரிசிச் சாக்கில் சுற்றி மோட்டாரின் முன்கூடையில் வைத்துக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனார். நான் பின்னால் என் மோட்டாரில். வாசலில் நேப்பாளக் காவலாளி நிறுத்தினார். மொழி இருவருக்கும் சரியாகப் புரியவில்லை. தாத்தா சாக்கின் ஓரத்தை விலக்கிக் காட்டினார். காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடிலுக்குள் போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்தார்.